நீங்க கேக்கலியே டீச்சர்

"வாங்க மேடம், வழி தெரிஞ்சு வந்துட்டீங்களா?"

நாலு நாள் வராமல் இருந்துவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் நான் கேட்டது இது. வகுப்பே சிரித்தது. அவளும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள், சாயங்காலம் வரை இருந்தாள், மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகு 19 பள்ளி நாட்கள் வரவே இல்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலுக்கும் பாப்பாக்குடிக்கும் நடுவில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீடுகளில் பீடி, மீதிக்கு வயலும் வாழையும், ஆண்கள் நிறைய பேர் கேரளாவில் அல்லது சென்னை மளிகைக் கடைகளில். இதைச் சொல்லிவிட்டாலே எங்கள் வருகைப் பதிவேட்டின் கதையில் பாதி சொன்ன மாதிரிதான். இது நடந்தது 2022இல்.

அந்த 19 நாளும் நான் சும்மா இருக்கவில்லை என்றுதான் அப்போது நம்பினேன். தினமும் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டேன், செல்போன் செயலியிலும் தவறாமல் ஏற்றினேன். மூன்றாம் நாள் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில், இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன், எடுத்தவர் "எம்மா, இது பிரௌசிங் சென்டர்" என்றார். எப்போதோ விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் தன் எண்ணையே போட்டிருக்கிறார். பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் கேட்டதற்கு "உடம்பு சரியில்லையாம் டீச்சர்" என்றார்கள். தலைமையாசிரியர் கேட்டபோது நானும் அதையே சொன்னேன். ஒரு வார்த்தை கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆவணமாகவே ஆகிவிட்டது.

இருபதாவது நாள் மதியம் முட்டை எண்ணிக்கையில் ஏதோ குழப்பம், சரிபார்க்கச் சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். பேச்சுவாக்கில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சமைக்கிற ஆயாம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அவ அம்மைக்குக் கை முறிஞ்சு கட்டு போட்டிருக்குல்லா. இவதான் உக்காந்து பீடி சுத்துதா."

"எப்போதிருந்து ஆயாம்மா?"

"அது இருக்கும், ஒரு மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே டீச்சர்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பத்து வருடமாக ஒரே வளாகத்தில் இருக்கிறோம், அரிசி எத்தனை கிலோ, முட்டை எத்தனை என்பதைத் தவிர அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அப்புறம் விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வந்தது. பள்ளியைக் கூட்டுகிற அம்மாவுக்கு அந்தப் பெண் நாலு நாளுக்கு முன் காலையில் பீடிக்கடைக்குப் போனது தெரியும். உடற்கல்வி ஆசிரியர், பி.இ.டி. சார், ஒரு நாள் அவளை வழியில் பார்த்து "ஏட்டி, பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார், அவள் ஓடிவிட்டாள். ஆபீசில் இருக்கும் எழுத்தரிடம் அவளுடைய ஆச்சி வந்து டி.சி. வாங்க என்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆளுக்கொரு துண்டு. பதிவேட்டை வைத்திருந்த எனக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது.

பீடி வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, வெட்டி, சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துச் சுற்றிக் கட்டாகக் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். ஆயிரம் சுற்றக் கை வேகமுள்ளவருக்கே ஒரு பகல் போய்விடும். பி.எஃப். பிடிக்கிற கடையில் பெயர் இருப்பது அந்த வீட்டுக்கு ஒரு சொத்து மாதிரி, ஒரு மாதம் இலை வாங்காமல் விட்டால் அது போய்விடுமோ என்ற பயம் அந்த அம்மாவுக்கு. ஆக, மகள் உட்கார்ந்தாள். இதில் யாரையும் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆயாம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போனேன், அதிலேயே பாதி வேலை முடிந்தது. முன்பெல்லாம் நாங்கள் வீட்டுக்குப் போவது என்றால் இரண்டு ஆண் ஆசிரியர்கள் பைக்கில் தெருவுக்குள் போய், வண்டியில் உட்கார்ந்தபடியே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. தெருவே கூடும், அந்த வீட்டுக்கு அவமானம், பிள்ளை கொல்லைப்புறமாக ஓடும். இப்போது சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். பெண் பிள்ளை வீடு என்றால் பெண்கள்தான் போவது. அந்தத் தெருக்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும். காலையில் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகிற நேரத்தில் போகக் கூடாது, அப்போது யாருக்கும் காது கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கை ஓய்கிற நேரம் நல்லது. இன்னொன்று, தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். தாகமில்லை என்று உண்மையாகவே நீங்கள் சொன்னாலும் நம் பக்கத்தில் அதற்கு அவர்கள் எடுத்துக்கொள்கிற அர்த்தம் வேறு. டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அன்று நான் "ஏன் அனுப்பவில்லை" என்று கேட்கவில்லை. ஆயாம்மாதான் முதலில் "மைனி, கை எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தார். அப்புறம் பேச்சு கட்டுக்குப் போய், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய், பீடிக்கடைக் கணக்குக்கு வந்து, கடைசியில் தானாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒன்றரை மணி நேரம். அந்தப் பெண் சொளவை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஆச்சிதான் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை ஒரு நா வந்துச்சே டீச்சர். எல்லாரும் சிரிச்சாவளாம்." எனக்கு அடி வயிற்றில் என்னமோ செய்தது. கை முறிந்தது அவளை நாலு நாள்தான் நிறுத்தியது. மீதி 19 நாள் என் வாய் செய்த வேலை.

அதிலிருந்து எங்கள் பள்ளியில் எழுதாத விதி ஒன்று உண்டு. லீவு போட்டுவிட்டு வருகிற பிள்ளையிடம் வகுப்பில் வைத்துக் காரணம் கேட்கக் கூடாது. "வா, உட்காரு, நேத்து இந்தப் பாடம், பக்கத்துல பாத்துக்கோ", அவ்வளவுதான். காரணத்தை இடைவேளையில், மரத்தடியில், தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். கேலி பேசுகிற பழக்கம் எங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது, எனக்கும்தான். நாக்கைக் கட்டுவதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அந்த பிரௌசிங் சென்டர் எண்ணுக்குப் பிறகு, போன் எண்களுக்கு என்று நாங்களே ஒரு நோட்டு வைத்தோம். இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கினோம், ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அதில் மூன்று எண்கள்: அம்மா, பக்கத்து வீடு, அப்புறம் ஆச்சியோ சித்தியோ, அந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் யார் வீட்டுக்குப் போகுமோ அவர். அப்பா எண் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, அவர் பாலக்காட்டில் இருந்துகொண்டு "போயிருப்பானே சார்" என்பார். எண்ணை எழுதி வாங்கியதும் அங்கேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட வேண்டும். காலை வருகைப் பதிவு முடிந்ததும் வகுப்பாசிரியர்கள் வராதவர்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் ஆபீசுக்கு அனுப்புவோம், எழுத்தர் பதினொரு மணிக்குள் போன் செய்வார். அவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை, "இது என் வேலையா டீச்சர்?" என்றார், நியாயம்தான். ஆனால் அவர் குரலுக்கு ஒரு மரியாதை இருந்தது, உதவித்தொகை, சாதிச் சான்று என்று எல்லாவற்றுக்கும் பெற்றோர் அவரிடம்தான் வருகிறார்கள், அதனால் அவர் போனை யாரும் எடுக்காமல் விடுவதில்லை. டி.சி. பற்றி யார் விசாரித்தாலும் அன்றே வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் பொறுப்பாயிற்று.

வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச வாரத்துக்கு ஒரு நாள் புதன்கிழமை மதியம் எல்லோரும் சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் இருபது நிமிடம் உட்காருகிறோம். ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பார்த்தோம், ஆயாம்மாவும் கூட்டுகிற அம்மாவும் கதவோரம் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. இடம் திண்ணைக்கு மாறியதும் பேச்சு மாறியது.

ஆயாம்மா சொல்லித்தான் ஆறாம் வகுப்புக் கதை எனக்குப் புரிந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. அங்கே காலையில் பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து எங்களிடம் வருகிறது. அம்மா விடிந்ததும் வேலையில் உட்கார்ந்திருப்பார், வீட்டில் காலையில் சமைக்கிற வழக்கமே விட்டுப்போயிருக்கும். "மத்தியானம் ஆறாம் வகுப்புப் பிள்ளையள் தட்டைத் தூக்கிட்டு ஓடி வார ஓட்டத்தைப் பாத்தாலே தெரியும் டீச்சர்" என்றார். இறைவணக்கத்தில் மயங்கி விழுகிற பிள்ளையும், வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போடுகிற பிள்ளையும் யார் யார் என்று பார்த்தால் அதே பெயர்கள். இப்போது பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறோம், யாருக்கு என்பதை ஆயாம்மாவே பார்த்துக்கொள்கிறார். வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதில்லை. காமராஜர் காலத்தில் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் நாங்கள், ஆறாம் வகுப்பின் காலை வயிறு எங்கள் கண்ணில் படவில்லை.

கூட்டுகிற அம்மா கொண்டுவந்த செய்தி இன்னும் சின்னது. எட்டு, ஒன்பது, பத்து வகுப்புப் பெண்கள் சில நாட்களில் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள், சிலர் இரண்டு மூன்று நாள் வரவே மாட்டார்கள். நாங்கள் மாதா மாதம் வருகிற சங்கடம், என்ன செய்ய என்று விட்டுவிட்டோம். அவர் சொன்னார், மேல் தொட்டி மோட்டாரைக் காலையில் மட்டும்தான் போடுகிறீர்கள், பத்தரை இடைவேளைக்குப் பிறகு கழிப்பறையில் தண்ணீர் கிடையாது, தாழ்ப்பாளும் ஒன்றில் இல்லை. அரசு கொடுக்கிற நாப்கின் பாக்கெட்டுகள் எங்கே என்று தேடினால் ஆபீஸ் பீரோவில் பூட்டியிருந்தன. சாவி ஓர் ஆண் ஆசிரியரிடம்! எந்தப் பிள்ளை போய்க் கேட்கும்? மோட்டார் இரண்டு தடவை ஓடுகிறது இப்போது, தாழ்ப்பாள் போட்டாயிற்று, பாக்கெட்டுகள் கூட்டுகிற அம்மாவிடம். அவரிடம் கேட்கப் பிள்ளைகளுக்கு வெட்கமில்லை.

கொடைக்கு, அதாவது ஊர்க் கோவில் திருவிழாவுக்கு, மட்டும் நாங்கள் தோற்றுவிட்டோம், அதை ஒத்துக்கொள்கிறேன். அம்மன் கோவில் கொடை பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை வரும், திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் கொடை, புதன் தூக்கம். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோவில். அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை. சுற்றுப்பட்டு ஊர்களின் கொடைத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்து அந்த வாரத்தில் பரீட்சை வைக்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான். ஒன்று தெரிந்துகொண்டேன்: கொடைக்காக லீவு போட்ட பிள்ளை வியாழக்கிழமை வந்துவிடும். வியாழனும் வரவில்லை என்றால் காரணம் கொடை இல்லை.

பையன்கள் விஷயத்தில் பி.இ.டி. சார்தான் எங்களுக்குக் கண். ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பந்தி பரிமாற ராத்திரி வேலைக்குப் போகிறார்கள், ஒரு ராத்திரிக்கு நானூறு ஐநூறு கிடைக்கும், சாப்பாடு வேறு. முதலில் முதல் பீரியடில் தூக்கம், அப்புறம் காலையில் மட்டும் லீவு, அப்புறம் புது செல்போன், அப்புறம் ஆளே இல்லை. இந்த வரிசையை அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், தூக்கத்திலேயே பிடித்துவிட்டால் உண்டு.

ஆனால் பையன்கள் வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை எங்கள் மாவட்டத்தில் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பட்டியல் சமூகத்து மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவர்கள் கொடுத்த தொல்லையால்தான் அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்தான் என்று அப்போது செய்தியில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று நான் போட்டுப்போன கோடுகளில் இப்படி எத்தனை இருந்திருக்கும்? ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார், கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பது உட்பட நிறையச் சொன்னார். கயிறு அறுப்பது சுலபம் என்பேன். கஷ்டமானது இதுதான்: ஒரு பையன் பயந்து வராமல் இருக்கிறான் என்று தெரிந்ததும் நம் ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வது, இரு தரப்பையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி "என்னலே பிரச்சினை?" என்று கேட்பது. சொன்னவன் யார் என்பது அந்த நிமிடமே தெரிந்துபோகும். இப்போது அப்படிச் செய்வதில்லை. பையனிடம் பேசுவது ஒருவர்தான், பெரும்பாலும் பி.இ.டி. சார். அவன் சொன்னதை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பார். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன்னால் அவன் அன்று எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போவான் என்பதை முடிவு செய்துவிடுவோம். புதன்கிழமைத் திண்ணையில் இந்த மாதிரிப் பேச்சை எடுப்பதே இல்லை, திண்ணைக்குக் காதுகள் அதிகம்.

அதே மாதிரி, ஒரு பிள்ளை தனக்கு நடந்த தவறான தொடுதலைப் பற்றியோ வீட்டில் கல்யாணம் பேசுவதைப் பற்றியோ சொன்னால் அது நம் கையில் வைத்திருக்கிற விஷயமில்லை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டும் சுவரில் எழுதிப்போட்டிருக்கிறது, அது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நானே ஒரு தடவை 1098க்குக் கூப்பிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளைக்கு 14 முடிந்துவிடுகிறது, எங்களிடம் உதிர்வதும் சரியாக அங்கேதான். அப்படிப்பட்ட பெயரைத் தூக்கி எமிஸ் காமன் பூலில் போட்டுவிட்டால் பள்ளிக்கு வருகைச் சதவீதம் அழகாகிவிடும், பிள்ளை மட்டும் எந்தப் பள்ளிக் கணக்கிலும் இருக்காது. அந்தப் பெண் விஷயத்தில் யாரோ அந்த யோசனையைச் சொன்னபோது எங்கள் சார் "பெயர் இருக்கட்டும், திட்டு நான் வாங்கிக்கிடுதேன்" என்றார். கூட்டத்தில் வாங்கினார் என்றும் கேள்விப்பட்டேன்.

அவள் எப்படி வந்தாள் என்றால், பேரம்தான். காலையில் இலை வெட்டிக் கொடுத்துவிட்டுப் பத்தரைக்கு வரட்டும் என்று மூன்று வாரத்துக்குச் சார் அனுமதித்தார். பீடிக்கடைக்காரரிடம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஓர் அம்மா பேசி, கை கூடும்வரை குறைந்த இலை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்தார். அந்த வருடம் செப்டம்பரில்தான் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியிருந்தது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய். அதைச் சொன்னபோது அம்மா கட்டுப்போட்ட கையோடு விரல் மடக்கி எத்தனை வருடம் என்று எண்ணினார். அறிவுரை எதுவும் அங்கே எடுபடவில்லை, அந்த எண்ணிக்கை எடுபட்டது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், மரத்தடியில். "இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றாள். என் பாடத்தில் மட்டும் கடைசிவரை அவள் கை தூக்கியதில்லை. பத்தாவது பாஸானாள்.

இந்த வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் நாலு நாளாக வரவில்லை. கொடை எதுவும் இல்லை. நோட்டில் இருக்கும் மூன்று எண்ணில் இரண்டு ஸ்விட்ச் ஆஃப், மூன்றாவது ஆச்சியுடையது, மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. இன்று மதியம் ஆயாம்மாவிடம் கேட்டேன். "அந்தத் தெரு எனக்குப் பழக்கமில்லை டீச்சர், ஆனா கூட்டுத அம்மாவுக்கு அங்ஙன ஒரு சின்னம்மை உண்டு" என்றார். நாளைக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டுகிற அம்மாவும் நானும் போகிறோம்.